தோட்டத்தை அடமானம் வைக்குமுன் நாற்றங்கால் குறிப்பேட்டைத் திறவுங்கள்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியை (மலைக் கிராமம்) சேர்ந்தவள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். உதகையில் இளநிலைத் தாவரவியல் முடித்தேன், 72 சதவீதம். இடையில் ஒரு தாளில் அரியர் விழுந்து, மறுமுறை எழுதித் தேறினேன். ஒன்றரை ஆண்டாகச் சோலை (மலையின் இயற்கைக் காடு) மரக் கன்றுகள் வளர்க்கும் நாற்றங்காலில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். ஜெர்மனியில் வனவியல் முதுநிலை படிக்க ஆசை. கோவையில் ஒரு கன்சல்டன்சி, தனியார் கல்லூரி ஒன்றில் மேலாண்மைப் படிப்புக்கு இடம் உறுதி என்கிறது. கன்சல்டன்சிக்குக் கட்டணம் ஒன்றரை லட்சம். பத்து நாளில் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். அப்பா இரண்டு ஏக்கர் தேயிலையைத் தனியாரிடம் அடமானம் வைக்கத் தயாராகிவிட்டார். அம்மாவுக்கு என்னைத் தனியாக அனுப்பப் பயம். கன்சல்டன்சியில் எழுதிக் கொடுத்த எஸ்.ஓ.பி.யை (ஏன் படிக்க விரும்புகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்குச் சொல்லும் நோக்க அறிக்கை) இணைத்திருக்கிறேன். என்னுடன் வேலை செய்யும் தோழி இருளர் சமூகத்தைச் சேர்ந்தவள். அவளுக்கும் வழி இருக்கிறதா? — வாசகி, கோத்தகிரி வட்டம்.

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு அந்த எஸ்.ஓ.பி.யைப் படித்தேன். கடிதத்தில் பேசுகிற பெண்ணும் எஸ்.ஓ.பி.யில் பேசுகிற பெண்ணும் ஒரே ஆள் என்று எனக்குத் தோன்றவில்லை. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் அவசரமான ஒன்று: அந்த முன்பணத்தைக் கட்ட வேண்டாம். அப்பாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள், தோட்டத்துப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

நீங்கள் கேட்டது வனவியல். அவர்கள் கொடுப்பது மேலாண்மை. ஏன் இப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் மாணவரைச் சேர்த்துவிடுவதற்காக முகவர்களுக்குக் கமிஷன் கொடுப்பதில்லை. தனியார் கல்லூரிகள் பல கொடுக்கின்றன. அதனால் ஏஜென்ட் மேசைமேல் விரிக்கும் பட்டியலில் தனியார் கல்லூரிகளே முன்னால் நிற்கும். அங்கே ஆண்டுக் கட்டணமே பல லட்சம். அரசுப் பல்கலைக்கழகங்களிலோ பெரும்பாலான மாநிலங்களில் கல்விக் கட்டணமே கிடையாது. பருவத்துக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. விதிவிலக்குகளும் இருக்கின்றன. ஃபிரைபர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். வனவியலுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. கோட்டிங்கன் போன்ற இடங்களில் அந்தச் சுமை இல்லை. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வனவியல் பிரிவு தாரண்ட் என்ற சிற்றூரில் இருக்கிறது. அங்கே 1811 முதல் காட்டைப் பற்றிப் பாடம் நடக்கிறது. இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளராக 1864இல் பொறுப்பேற்ற டீட்ரிக் பிராண்டிஸ் ஜெர்மானியர்தான். நம் மலைக்காடுகளின் நிர்வாகம் உருவானதில் அந்த நாட்டு வனவியலுக்குப் பங்கு உண்டு. நீங்கள் அங்கே போக ஆசைப்படுவதில் பொருள் இருக்கிறது. அந்த ஆசையை வேறொரு படிப்புக்கு மாற்றிக்கொடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

இப்போது உங்கள் மதிப்பெண். 72 சதவீதம் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியில் 1 தான் மிக உயர்ந்த மதிப்பு. தேர்ச்சியின் கடைசி எல்லை 4. நம் மதிப்பெண்ணை அவர்கள் கணக்குக்கு மாற்ற ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள்: 100இல் 72 போனால் 28. அதிகபட்சத்திலிருந்து தேர்ச்சி மதிப்பெண்ணைக் கழியுங்கள்: 100இல் 40 போனால் 60. 28ஐ 60ஆல் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்டினால் 2.4 வருகிறது. பல முதுநிலைப் படிப்புகள் 2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பைக் கேட்கின்றன. நீங்கள் எல்லைக்குள் இருக்கிறீர்கள், ஆனால் ஓரத்தில் இருக்கிறீர்கள். அதனால்தான் எஸ்.ஓ.பி.யும் வேலை அனுபவமும் உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் முக்கியம். ஓர் அரியரை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மறைக்கவும் வேண்டாம், மதிப்பெண் பட்டியலில் அது தெரியத்தான் செய்யும்.

மூன்றாண்டு இளநிலை என்பதும் உங்கள் கவலை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல நான்காண்டு கேட்கும். ஜெர்மனியில் நம் மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்கும் படிப்புகள் நிறைய உண்டு. ஆனால் ஒவ்வொரு படிப்பும் தனக்கென்று நிபந்தனை வைத்திருக்கும்: சூழலியலில் இத்தனை பாடம், புள்ளியியலில் இத்தனை பாடம் என்று. நீங்கள் படித்த தாள்களின் பெயரையும் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்து வரிவரியாக ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று மாலைகள் பிடிக்கும் வேலை. இதைச் செய்தாலே உங்களுக்குப் பொருந்துபவை எவை என்பது தெரிந்துவிடும்.

பணத்துக்கு வருகிறேன். அப்பாவோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பாருங்கள். விண்ணப்பிக்கும் வரை ஆகும் செலவு வேறு, விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம் வேறு. இந்திய மாணவர்கள் 2022 நவம்பர் முதல், தங்கள் கல்விச் சான்றுகள் சரிபார்க்கப்பட்டவை என்று காட்டும் ஏபிஎஸ் சான்றிதழ் பெற வேண்டும். அதற்குக் கட்டணம் 18,000 ரூபாய். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கும் ஏறக்குறைய அவ்வளவு ஆகும். யூனி-அசிஸ்ட் என்ற மையம் வழியாக விண்ணப்பம் வாங்கும் பல்கலைக்கழகங்களுக்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தவை ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்தைச் சற்றே தாண்டும். உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் எடுத்துவைத்தே இதை முடித்துவிடலாம். சேர்க்கைக் கடிதம் கைக்கு வரும்வரை இதற்கு மேல் பெரிய செலவு இல்லை.

அதற்குப் பிறகுதான் பெரிய தொகை. பிளாக்டு அக்கவுண்ட் என்று ஏஜென்ட் சொல்லியிருப்பாரே, அதில் ஓராண்டுச் செலவுக்கான பணத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 12 லட்சம். அப்பா இதைக் கட்டணம் என்று நினைத்துப் பயந்திருக்கிறார் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. இது கட்டணமே இல்லை. உங்கள் பெயரில் உள்ள பணம். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதிலிருந்துதான். மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வரை வேலை செய்யலாம். இரண்டாம் ஆண்டுச் செலவில் ஒரு பகுதிக்கு அது உதவும். முழுச் செலவும் அதில் ஓடிவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். வகுப்பும் ஆய்வும் இருக்கும் பருவத்தில் அவ்வளவு வேலை செய்ய உடம்பு தாங்காது.

வங்கிக் கல்விக்கடனில் 7.5 லட்சம் வரை சொத்து ஈடு தேவையில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி என்ற அரசு இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும் முடிந்த பிறகே தவணை தொடங்கும். ஆனால் வட்டி அதற்கு முன்பே சேர்ந்துகொண்டிருக்கும் என்பதை அப்பாவுக்கு விளக்கிவிடுங்கள். அதற்கு மேற்பட்ட கடனுக்கு ஈடு கேட்பார்கள். விவசாய நிலத்தை ஈடாக எடுக்க வங்கிகள் பொதுவாகத் தயங்கும். அந்த இடத்தில்தான் நம் ஊர்க் குடும்பங்கள் தனியார் வட்டிக்குப் போய் விழுகின்றன. பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன கிடைக்கிறது, பறிகூலியும் உரமும் போக என்ன மிஞ்சுகிறது என்பது எனக்கு நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வருமானத்தில் தனியார் வட்டியைக் கட்ட முடியாது. தோட்டம் கைமாறிப்போன வீடுகளை குன்னூரிலும் கோத்தகிரியிலும் நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை வெளிநாட்டில் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது இங்கே தகப்பன் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்கு இலை பறிக்கப் போன வீடும் அதில் ஒன்று.

அப்படியானால் மிச்சப் பணத்துக்கு என்ன வழி? இங்கேதான் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு, வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு 'ஈபோஸ்' என்ற உதவித்தொகை வழங்குகிறது. குறிப்பிட்ட முதுநிலைப் படிப்புகளின் பட்டியல் ஒன்று ஆண்டுதோறும் வரும். வெப்பமண்டல வனவியல் அதில் இடம்பெறுவதுண்டு. மாதச் செலவு, காப்பீடு, பயணம் எல்லாம் அதில் அடங்கும். கேட்கிற தகுதிகளில் முக்கியமானது, பட்டம் பெற்றபின் துறை சார்ந்த வேலையில் குறைந்தது இரண்டு ஆண்டுகள். உங்களுக்கு ஒன்றரை ஆண்டு ஆகியிருக்கிறது. இன்னும் ஆறு மாதம்! ஏஜென்டின் பத்து நாள் கெடுவுக்குப் பயந்து ஓடினால் இந்த வாசலைத் தாண்டிப் போய்விடுவீர்கள். இந்த உதவித்தொகைக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் முந்தைய ஆண்டிலேயே, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் வாக்கில் முடிந்துவிடும். இப்போது உறைபனிக் காலம். ஆகஸ்டுக்குள் உங்கள் இரண்டு ஆண்டு நிறைந்துவிடும். அடுத்த ஆண்டு அக்டோபர் சேர்க்கையைக் குறிவையுங்கள். உதவித்தொகை கிடைக்காவிட்டாலும், அதே படிப்புகளுக்கு வசந்த காலத்தில் சாதாரண விண்ணப்பம் போட நேரம் இருக்கும். அதோடு டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் எம்.எஸ்சி. வனவியலுக்கும் கட்டாயம் விண்ணப்பியுங்கள். தாவரவியல் படித்தவர்களை அங்கே சேர்த்துக்கொள்கிறார்கள். அதை இரண்டாந்தரமாக நினைக்கக் கூடாது. முழுச் செலவையும் கடனில் போட்டு ஜெர்மனிக்குப் போவதா, டேராடூனா என்று வந்தால், நான் உங்களை டேராடூனுக்குத்தான் அனுப்புவேன்.

இனி எஸ்.ஓ.பி. "சிறுவயது முதலே இயற்கை அன்னையின் மடியில் வளர்ந்த எனக்கு உலகத்தரம் வாய்ந்த உங்கள் பல்கலைக்கழகத்தில்..." என்ற பொருளில் ஆங்கிலத்தில் தொடங்குகிறது அது. இரண்டு பக்கம் இப்படியே போகிறது. நாற்றங்கால் என்ற சொல் ஓர் இடத்தில்கூட வரவில்லை. கோத்தகிரி என்ற பெயரும் இல்லை. சேர்க்கைக் குழுவில் இருப்பவர்கள் இதே தொடக்கத்தை நூற்றுக்கணக்கில் பார்த்திருப்பார்கள்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள். கோத்தகிரிப் பக்கத்து லாங்வுட் சோலை ஓரத்தில் பொறுக்கிவந்த நாவல் இன விதைகளில் ஒரு பகுதியை அந்த வாரமே தட்டில் விதைத்தீர்கள். மீதி காகிதப் பையில் மேசைமேல் மூன்று வாரம் கிடந்தது, பிறகு விதைத்தீர்கள். முதல் தட்டில் பாதிக்கு மேல் முளைத்தது, இரண்டாவதில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். "அதிலிருந்து நான் பையில் வைப்பதில்லை அம்மா, ஈர மணலில் போட்டு வைக்கிறேன்" என்று முடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். மகளே, உங்கள் எஸ்.ஓ.பி. அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

காய்ந்தால் உயிர்போகும் விதைகள் என்பது வெப்பமண்டல வனவியலில் பெரிய பிரச்சினை. நெல்லைப் போல அவற்றைக் குதிரில் போட்டு வைக்க முடியாது. விதை வங்கியிலும் உலர்த்திச் சேமிக்க முடியாது. அயல் இனங்களான சீகை (வாட்டில்) மரத்தையும் உண்ணிச்செடியையும் வெட்டி எடுத்த இடத்தில் சோலையைத் திரும்பக் கொண்டுவர நினைப்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் வந்து முட்டுகிறார்கள். ஒரு புத்தகமும் பார்க்காமல், ஒரு காகிதப் பையையும் ஈர மணலையும் வைத்து நீங்கள் அந்தப் பிரச்சினையின் வாசலுக்கு வந்துவிட்டீர்கள். அங்கிருந்து மேலே போகத்தான் உங்களுக்கு முதுநிலைப் படிப்பு தேவைப்படுகிறது. இதை அப்படியே சொன்னால் போதும்.

நாற்றங்கால் குறிப்பேட்டைத் திறந்து எண்களை எடுங்கள். எத்தனை விதை, எந்த மாதம், எத்தனை நாளில் முளைத்தது, எத்தனை கன்று பிழைத்தது. குறித்துவைக்காதவற்றை ஊகித்து எழுதாதீர்கள். "அப்போது எண்ணவில்லை, இந்தப் பருவத்திலிருந்து எண்ணுகிறேன்" என்று எழுதினால் அதற்கும் மதிப்பு உண்டு. இன்னும் ஆறேழு மாதம் இருப்பதால் உண்மையிலேயே எண்ணத் தொடங்கலாம். லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான். சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தரும் காடு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024இல் சேர்ந்தது. அதை ஒரே வரியில் சொல்லுங்கள், படிப்பவருக்கு நீங்கள் எங்கே நின்று பேசுகிறீர்கள் என்பது விளங்கிவிடும். அடுத்த பத்தியில், அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடம், எந்த ஆய்வுக் குழு உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ஐந்து பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் இந்தப் பத்தி ஐந்து விதமாக இருக்க வேண்டும். கடைசியில், படித்து முடித்து என்ன செய்வீர்கள் என்பது. ஈபோஸ் உதவித்தொகைக்கு இது மிகவும் முக்கியம். படித்ததைச் சொந்த நாட்டில் பயன்படுத்துபவர்களைத் தேடித்தான் அதைக் கொடுக்கிறார்கள்.

ஆங்கிலம் பயமாக இருக்கிறது என்றீர்கள். முதலில் உங்கள் தோழியிடம் இதையெல்லாம் தமிழில் சொல்லுங்கள். அவள் எங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறாளோ அந்த இடத்தில் விளக்கம் போதவில்லை என்று பொருள். பிறகு சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். இலக்கணப் பிழையைத் திருத்த உங்கள் கல்லூரி ஆங்கில ஆசிரியரிடம் கொடுக்கலாம். "பிழையை மட்டும் திருத்துங்கள், நடையை மாற்ற வேண்டாம்" என்று சொல்லிக் கொடுங்கள். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் பெரும்பாலும் 6.5 கேட்பார்கள். தமிழ்வழியில் படித்த எத்தனையோ பேர் நான்கைந்து மாதப் பயிற்சியில் அதை எட்டியிருக்கிறார்கள். தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலச் செய்தி கேட்பதும், கேட்டதை எழுதிப் பார்ப்பதுமாகத் தொடங்குங்கள்.

பரிந்துரைக் கடிதம் பற்றி ஒரு வார்த்தை. "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று ஆசிரியர்கள் சொல்வது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. பணிவாக, நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் குறித்துக் கொடுத்து, "நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும் சார்" என்று கேளுங்கள். நாற்றங்கால் பொறுப்பாளரிடம் இன்னொரு கடிதம் வாங்குங்கள். அவர் உங்களை மண்ணில் பார்த்தவர்.

பெயர் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். நம் மதிப்பெண் பட்டியலில் இனிஷியலும் பெயரும் இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பாவின் பெயராகி, குடும்பப்பெயர் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். என்னிடம் வந்த மாணவர் ஒருவர் ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கு இனிஷியலோடும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடும், பட்டச் சான்றிதழில் வேறோர் எழுத்துக்கூட்டலோடும் இருந்தார். மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்கவே இரண்டு மாதம் ஓடி, ஒரு சேர்க்கைக் கெடு கைநழுவியது. நீங்கள் முதலில் பாஸ்போர்ட் எடுங்கள். அதில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல், மற்ற எல்லா இடத்திலும் பெயரைப் பதியுங்கள். மதிப்பெண் பட்டியலிலுள்ள இனிஷியலின் விரிவு இதுதான் என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (எல்லாப் பருவ மதிப்பெண்களும் அடங்கிய ஒரே ஆவணம்) வாங்கவும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்; அது நாம் நினைக்கும் வேகத்தில் வராது.

அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். எங்கே தங்குவாள், யார் இருப்பார்கள் என்பதுதான் அவர் கேள்வி. மாணவர் சேவை அமைப்பு நடத்தும் விடுதிகள் அங்கே உண்டு. வெளி வாடகையைவிட மலிவு, ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே அதற்குப் பதிந்துவிடுங்கள். கோவையில் ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே சென்ட்ரம் இருக்கிறது. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் கடையிலும் மருத்துவமனையிலும் பேச அடிப்படை ஜெர்மன் கற்றுக்கொண்டு போங்கள். அம்மாவுக்கு அதுவே பாதி ஆறுதல்.

உங்கள் தோழிக்கு வழி இருக்கிறதா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். உங்களுடையதைவிட நேரான வழியே இருக்கிறது. மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் வெளிநாட்டில் உயர்கல்வி படிக்க ஆண்டுக்கு 20 பேருக்கு உதவித்தொகை தருகிறது. அதில் மூன்று இடங்கள் மிகவும் நலிவுற்ற பழங்குடியினருக்கென்றே ஒதுக்கப்பட்டவை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று நீலகிரியில் வாழும் ஆறு சமூகங்களும் அந்த வரிசையில் வருபவை. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசும் அம்பேத்கர் பெயரில் ஒரு வெளிநாட்டு உயர்கல்வித் திட்டம் வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இரண்டுக்கும் குடும்ப வருமான வரம்பு உண்டு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் அவள் இந்த வாரமே தாலுகா அலுவலகத்தில் கேட்டு வாங்கட்டும். இருளர் சாதிச் சான்றிதழுக்கு விசாரணை, கோட்டாட்சியர் கையெழுத்து என்று மாதக்கணக்கில் இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். நீங்களும் கூடப் போங்கள். என்ன படித்திருக்கிறாள், என்ன படிக்க விரும்புகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. அதை அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.